டிக்ஷனரி அடித்த பேனர்

அவனுக்கு டிக்ஷனரி என்று முதன்முதலில் பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி நாலு கேள்வி கேட்கலாம். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் அதைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "டிக்ஷனரி கடை எது?" என்று கேட்டால் மட்டும் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற அந்த நீளச் சந்து மாதிரி இடத்தைக் கைகாட்டுவார்கள்.

கடை என்றால் கடைதான். பேனர் அடிக்கிற மெஷின் ஒன்று சுவரோடு சுவராக நீட்டிப் படுத்திருக்கும். அது போக மிச்சம் இருக்கிற இடத்தில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, அதில் அவன். வருகிற ஆட்கள் வாசலில் நின்றபடியேதான் பேச வேண்டும். மை வாடை மண்டைக்குள் ஏறும். அடித்து முடித்த பேனரை உதறிப் பிரிக்கத் தெருவுக்குத்தான் போக வேண்டும், உள்ளே கை நீட்ட இடம் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பரீட்சை என்றாலே அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். அப்படிப்பட்டவன் ஊருக்கே இங்கிலீஷ் எழுதிக் கொடுக்கிற ஆளானது எப்படி என்றால், வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான். தமிழில் ஒரு வரி சொல்வார்கள். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து அதற்கு நேரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை உட்காரவைப்பான். 'பாசமிகு அண்ணன்' என்று கேட்டு வந்தவருக்கு 'லவ்லி பிரதர்' என்று அடித்துக் கொடுத்தான். 'தங்கமான மனிதர்' 'கோல்டு மேன்' ஆனார். வாங்கிப் போனவர்களும் சந்தோஷப்பட்டார்கள், பார்த்தவர்களும் சந்தோஷப்பட்டார்கள். யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. தப்பு இங்கிலீஷ் இருக்கிறதே, அது பரம சாது. அதனால் ஒரு உயிருக்கும் கேடு கிடையாது. சரியான இங்கிலீஷ்தான் ஆளைத் தேடி வந்து அடிக்கும் என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

ஹெட்லைட் அண்ணன் ஒரு சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்றார். கண் இரண்டும் பெரிசாக முன்னால் பிதுங்கியிருக்கும், அதனால் அந்தப் பெயர். லாரி கம்பெனியில் ஆரம்ப காலத்திலிருந்தே டிரைவர். முதலாளி ஒரே ஒரு பழைய லாரியை வைத்துக்கொண்டு அல்லாடிய நாளில் அந்த லாரியை ஓட்டியவர். இப்போது முதலாளியிடம் எத்தனை லாரி என்று முதலாளிக்கே சட்டென்று சொல்ல வராது.

"தம்பி, கம்பெனிக்கு வெள்ளி விழா வருது. ஆளாளுக்கு பேனர் வைக்கிறாங்க. நானும் ஒண்ணு வைக்கணும்."

"வெச்சிடலாம்ணே. வாசகம் என்ன?"

அவர் அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். "'நீங்கள் ஒரு சரித்திரம்.' அவ்வளவுதான். ஆனா இங்கிலீஷ்ல போடணும்."

"தமிழ்லயே நல்லாத்தானே இருக்கு?"

ஹெட்லைட் அண்ணன் தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது. "முதலாளியோட மாப்பிள்ளை வந்ததுல இருந்து ஆபீஸ்ல எல்லாம் இங்கிலீஷ்தான் தம்பி. பழைய ஆளுங்களை ஒவ்வொருத்தரா கழட்டி விட்டுட்டு இருக்காங்க. அதோட, அந்த லாரி விஷயம் வேற இருக்குல்ல."

லாரி விஷயம் ஊருக்கே தெரியும். போன மாதம் கம்பெனி முற்றத்திலேயே நிறுத்தியிருந்த ஒரு லாரி தீப்பிடித்து எரிந்துபோனது. பிடித்ததா, யாரோ வைத்ததா என்று கேட்டால், வைத்தது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். போட்டிக் கம்பெனிக்காரன் வேலை என்றார்கள். அவன் ஆளை உள்ளே விட்டது நம்ம ஆள் ஒருத்தன் என்றும் சொன்னார்கள். அன்றிலிருந்து முதலாளி யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குத்தான் எல்லாரும் பயந்தார்கள்.

முதலாளியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. பார்க்கிறவர்களை எல்லாம் "சாப்பிட்டியாப்பா?" என்றுதான் விசாரிப்பார். முன்பு அவரிடம் ஒரு மெக்கானிக் இருந்தான். புது டயரை வெளியே விற்றுவிட்டுப் பழைய டயரை மாட்டிக்கொண்டிருந்தான். அவனையும் ஒரு நாள் கூப்பிட்டுச் சாப்பிட்டியாப்பா என்று விசாரித்தார். அப்புறம் அவனுடைய பைக் மட்டும் வாய்க்கால் கரையில் நின்றது. சொந்த ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். அவன் பெண்டாட்டி இங்கேயே இருக்கிறாள், அவளுக்குத் தெரியாமல் அவன் எந்தச் சொந்த ஊருக்குப் போனான் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்களாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஆக, ஹெட்லைட் அண்ணனுக்கு அது வெறும் பேனர் இல்லை. நான் உங்கள் ஆள், என்னைச் சந்தேகப்படாதீர்கள் என்று முதலாளியிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததைக் கம்பெனி வாசல் கேட்டில் கட்டிச் சொல்லப் பார்த்தார். டிக்ஷனரிக்கும் அது புரிந்தது. அதனால்தான் வழக்கத்தைவிட அக்கறையாக வேலை பார்த்தான். அக்கறையாகப் பார்த்ததுதான் வினை.

முதலில் சரியாகத்தான், அதாவது தப்பாகத்தான், அடித்தான். 'யூ ஆர் எ ஹிஸ்டரி.' 'ஒரு'வுக்கு நேர் 'எ', சரித்திரத்துக்கு நேர் 'ஹிஸ்டரி', கணக்கு சரி. முதலாளி படத்தைப் பெரிதாக நடுவில் வைத்தான். கீழே வலது மூலையில் ஹெட்லைட் அண்ணன் கைகூப்பிக்கொண்டு நிற்கிற படம். பார்த்தால் எழுத்து இரண்டு வரியாக மடங்கி முதலாளியின் நெற்றியில் ஏறியது. எழுத்தைச் சிறிதாக்கினால் தெருவிலிருந்து தெரியாது. அந்த 'எ'வை எடுத்துப் பார்த்தான். ஒரே வரியில் கச்சிதமாக உட்கார்ந்தது. படித்துப் பார்த்தபோது அதுதான் இன்னும் கம்பீரமாகவும் பட்டது. யூ ஆர் ஹிஸ்டரி.

"அந்த ஒத்தை எழுத்தைத் தூக்கிட்டேன்ணே. இப்ப பாருங்க, எடுப்பா இருக்கு."

"உனக்குத் தெரியாததா தம்பி? நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றார் ஹெட்லைட் அண்ணன். தன் படத்தைக் கொஞ்சம் கலராக்கச் சொன்னார். வெட்கத்தோடு சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் அவரே ஏணி போட்டு ஏறி கேட்டுக்கு மேலே கட்டினார். மற்ற பேனர் எல்லாம் தமிழில் 'வாழ்க' என்றும் 'வளர்க' என்றும் வரிசையாகக் கிடந்தன. நடுவில் இவருடையது மட்டும் இங்கிலீஷில் பளிச்சென்று நின்றது. டிக்ஷனரி பைக்கில் அந்தப் பக்கமாகப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தான். தன் வேலையைத் தெருவில் பார்க்கிற சந்தோஷம் அவனுக்கு அலுத்ததே இல்லை.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி கால் சென்டரில் வேலை பார்க்கிறவள். வெளிநாட்டுக்காரர்கள் வாங்கின சாமானைப் பற்றிப் போனில் கத்துவார்கள். இவள் பதிலுக்குக் கத்தாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். அன்றைக்கு அவளுக்குக் காலை ஷிப்ட். வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் நடுவீட்டில் போனை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இது உங்க கடை பேனரா?"

போனில் அந்த கேட், அந்த பேனர். கீழே சிரிக்கிற பொம்மை முகங்கள் வரிசையாக. யாரோ எடுத்து யாருக்கோ அனுப்பி, அது ஊரைச் சுற்றி அவள் கைக்கு வந்திருந்தது.

"ஆமா. நல்லா இருக்குல்ல?"

"இதுக்கு என்ன அர்த்தம்னு நினைச்சு போட்டீங்க?"

"நீங்கள் ஒரு சரித்திரம்னு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போன வாரம் ஒரு கஸ்டமர் என்கிட்ட இதே வார்த்தையைச் சொன்னான். யூ ஆர் ஹிஸ்டரின்னு. நானும் ஏதோ பாராட்டுறான்னு தேங்க் யூ சொல்லிட்டேன். பக்கத்து சீட்டுக்காரி சிரிச்சா சிரிச்சா, அப்படிச் சிரிச்சா. உன் கதை முடிஞ்சுதுன்னு அர்த்தமாம். உன்னைத் தீர்த்துக் கட்டிடுவேன், இனிமே நீ இல்லன்னு அர்த்தம்."

"அது எப்படி? ஹிஸ்டரின்னா சரித்திரம்தானே?"

"பெருமையா சொல்லணும்னா, ஹிஸ்டரி படைச்சீங்கன்னு சொல்லணும். மேட் ஹிஸ்டரி. ஒரு ஆளைப் பார்த்து நீ ஹிஸ்டரின்னா, நீ போன கணக்குன்னு அர்த்தம். நடுவுல ஒரு 'எ' போட்டிருந்தாக்கூட தப்பா எழுதியிருக்கான்னு சிரிச்சுட்டு விட்டிருப்பாங்க. நீங்க சுத்தமா, தப்பே இல்லாம எழுதியிருக்கீங்க."

டிக்ஷனரி தட்டைத் தள்ளி வைத்தான். அந்த ஒற்றை எழுத்தை எடுத்த விரல் தன் விரல்தான் என்பது மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. லாரி எரிந்த முற்றம். அந்த கேட்டில் 'உன் கதை முடிந்தது' என்று ஒரு பேனர். அதற்குக் கீழே ஹெட்லைட் அண்ணன் கைகூப்பிச் சிரிக்கிறார். இதை யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள்? அவருக்கு போன் போட்டான். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. டிரைவர் போனை அணைக்கவே மாட்டார்.

"நான் போய் சொல்லிட்டு வந்துடறேன்" என்று எழுந்தான்.

"யார்கிட்ட?"

"முதலாளிகிட்டதான். தப்பு என்னுதுன்னு சொன்னா முடிஞ்சு போச்சு."

அவள் தடுக்கவில்லை. தடுத்தால் நன்றாக இருக்கும் என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். "சொல்லிட்டு உடனே வந்துடுங்க" என்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

கேட்டில் மற்ற பேனர் எல்லாம் அப்படியே இருந்தன. நடுவில் மட்டும் வெறும் கயிறு தொங்கியது. முற்றத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. எரிந்ததன் கரி தரையில் இன்னும் போகவில்லை. ஆபீஸ் வாசலில் ஒரு பெஞ்சில் ஹெட்லைட் அண்ணன் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை, மடிப்புக் கலையவில்லை.

"வா தம்பி. உன்னையும் கூப்பிட்டாங்களா?" என்று முகமெல்லாம் மலர்ந்து கேட்டார். "காலையில இருந்து உக்கார வெச்சிருக்காங்க. முதலாளியே வந்து சாப்பிட்டியாப்பான்னு கேட்டுட்டுப் போனாரு. மாப்பிள்ளை என் போனை வாங்கிட்டுப் போனாரு, சார்ஜ் போட்டுத் தர்றேன்னு. பேனரைக்கூடக் கழட்டிப் பத்திரமா உள்ள எடுத்து வெச்சிருக்காங்க. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு மரியாதை நான் பார்த்ததே இல்ல."

டிக்ஷனரி, "இருங்கண்ணே, வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

முதலாளி மேஜைக்குப் பின்னால் இருந்தார். பேனர் அழகாகச் சுருட்டி ஒரு மூலையில் சாத்தியிருந்தது. ஜன்னல் ஓரத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். பேனரைப் படித்து அர்த்தம் சொன்னவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

டிக்ஷனரி நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். அண்ணன் சொன்னது நீங்கள் ஒரு சரித்திரம் என்றுதான். அதை இங்கிலீஷில் மாற்றியது நான். 'எ'வை எடுத்ததும் நான், இடம் போதவில்லை என்று எடுத்தேன். அவருக்கு ஏ பி சி டி கூட முழுசாக வராது. என்ன தண்டனையோ எனக்குக் கொடுங்கள் ஐயா. இப்படியெல்லாம் பேசுவோம் என்று அவன் நினைத்து வரவில்லை, வந்த இடத்தில் வந்தது.

முதலாளி குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் தலையை ஆட்டினார்.

"நம்புறேன்ப்பா. அவன் அப்படிப்பட்டவன் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? என் முதல் வண்டியை ஓட்டினவன்."

டிக்ஷனரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கும்பிட்டான்.

"ஆனா ஒண்ணு சொல்லு. என் வாசல்லயே ஒருத்தன் ஏறி, உன் கதை முடிஞ்சுதுடான்னு எழுதிக் கட்டிட்டான். ஊரே போன்ல பார்த்துச் சிரிக்குது. எதிர்க் கம்பெனிக்காரன் இதைக் காட்டிக் காட்டி விருந்து வைக்கிறானாம். ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போயி, அது 'எ' போட மறந்ததுப்பான்னு நீ சொல்லுவியா?"

"சொல்றேன் ஐயா. வீடு வீடாப் போய் சொல்றேன்."

"சொன்னாலும் சிரிப்பாங்க. அவன் அப்படி எழுதிக் கட்டிட்டு நாளைக்கும் இங்கேயே வண்டி ஓட்டினான்னா, லாரியை எரிச்சவன் அடுத்து என் வீட்டுக்கு வருவான்." முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் தப்பு பண்ணலைன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அதனால என்ன ஆகப் போகுது, சொல்லு."

டிக்ஷனரி மூலையில் சுருட்டிச் சாத்தியிருந்த பேனரைப் பார்த்தான்.

"ஒரு பேனர் வேணும்ப்பா. அவன் போட்டோ உன்கிட்ட இருக்குமே, மூலையில போட்டியே, அதையே பெரிசாக்கு. கைகூப்பி நிக்கிறான்ல, பொருத்தமா இருக்கும். வாசகம் உனக்கே தெரியும், இந்த மாதிரி எத்தனை அடிச்சிருப்ப. தமிழ்லயே போடு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தேதியை மட்டும் இப்போதைக்குக் காலியா விட்டு வை. சாப்பிட்டியா நீ?"

மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

டிக்ஷனரி வெளியே வந்தான். வாசல் கேட்டைப் பார்த்தான். ஒரு கதவைச் சாத்திவிட்டு இன்னொரு கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். அப்படியே நேராக நடந்து போய்விடலாம், வீட்டில் அவள் காத்துக்கொண்டிருக்கிறாள், போய்விடு போய்விடு என்றுதான் உடம்பு முழுக்கச் சொன்னது. யாரும் அவனைப் பிடித்து வைக்கவில்லை.

"என்ன தம்பி சொன்னாரு? பேனர் பிடிச்சிருக்காமா?" என்றார் ஹெட்லைட் அண்ணன்.

டிக்ஷனரி அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, மெதுவான குரலில் சொன்னான். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சொன்னான். மாப்பிள்ளை அதை எப்படிப் படித்திருப்பார் என்று சொன்னான். கேட்கக் கேட்க அந்தப் பெரிய கண்கள் ஒரே இடத்தில் நின்றுவிட்டன.

"சரித்திரத்துக்கு ஹிஸ்டரிதானே தம்பி?"

"ஆமாண்ணே."

"அப்புறம் எப்படி அது...?" அவர் ஆபீஸ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொன்னியா? நம்பினாரா?" என்று கேட்டார்.

"நம்பினாரு. தன்னோட முதல் வண்டியை ஓட்டினவன்னு சொன்னாரு."

"பின்ன என்ன?"

இதைச் சொல்லாமல் இருக்க முடியுமா என்று டிக்ஷனரி பார்த்தான். முடியவில்லை. "உங்க போட்டோவைப் பெரிசா வெச்சு ஒரு பேனர் அடிக்கச் சொல்றாருண்ணே. தேதியைக் காலியா விடச் சொல்றாரு."

ஹெட்லைட் அண்ணன் புதுச் சட்டையின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார். அந்த மெக்கானிக்கின் பைக்கை வாய்க்கால் கரையில் முதலில் பார்த்துவிட்டு வந்து சொன்னவரே இவர்தான். இவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

"எழுந்திருங்கண்ணே. ஒரு கதவு திறந்துதான் இருக்கு. என் பைக் வெளியில நிக்குது. போயிடலாம்."

"போனா?"

"உயிரோட இருப்பீங்க."

"நான் ஓடினேன்னா, வேணும்னேதான் போட்டிருக்கான், லாரியையும் இவன்தான் எரிச்சிருக்கான்னு ஆயிடும் தம்பி. எனக்கு அப்புறம் என் வீட்டுல இருக்கிறவங்களைத் தேடி வருவாங்க." அவர் எழுந்திருக்கவில்லை. "நான் இங்கேயே உக்காந்திருந்தா, ஒருவேளை முதலாளி மனசு மாறும். முதல் வண்டியை ஓட்டினவன்னு சொன்னாருன்னு சொன்னியே."

"சொன்னாருண்ணே."

"அது போதும். நீ கிளம்பு. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. நல்லா இருக்கணும்னுதானே போட்ட."

டிக்ஷனரிக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. இவர் திட்டியிருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால், அவன் எழுந்து போயிருப்பான். அவன் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான்.

"முதலாளி முற்றத்துல இருக்கேன். ஹெட்லைட் அண்ணன் கூட, ஆபீஸ் வாசல் பெஞ்சுல. நீ தெருவுல நாலு பேர்கிட்ட இதைச் சொல்லு. டிக்ஷனரி அங்கதான் உக்காந்திருக்கான்னு சத்தமா சொல்லு."

"நீங்க எப்ப வருவீங்க?"

"அண்ணனோட வரேன்."

போனில் அவள் அழுவது கேட்டது. அப்புறம், "சரி, நான் சொல்றேன். எல்லார்கிட்டயும் சொல்றேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஜன்னலில் முதலாளியின் நிழல் ஒரு தடவை வந்து நின்றது, போனது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. லோடு ஏற்றுகிற ஆட்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுக் கிளம்பினார்கள். போகிறபோது யாரும் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி ஆளும் போனதும் வாட்ச்மேன் சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்தார். டிக்ஷனரியைப் பார்த்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, மரியாதையாகவே கேட்டார்.

"பூட்டணுங்க. நீங்க வெளியே போறீங்களா, உள்ள இருக்கீங்களா?"

ஹெட்லைட் அண்ணன் அவன் தோளில் கை வைத்துத் தள்ளினார். டிக்ஷனரி எழுந்து, அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உள்ள இருக்கேன்" என்றான்.